வெடோட்டின் மருந்து-லிங்கர்: பெப்டைடோடு இணைக்க வாங்குவோருக்கு ஒரு விமர்சனம்

புற்றுக்கட்டியைத் தேடிப் போகும் பெப்டைடோடு (சில அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) செல்லைக் கொல்லும் மருந்தைக் கட்டி அனுப்பும் வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்தச் சிறு குப்பியைத்தான்: கொல்லும் மருந்தும் அதைப் பெப்டைடோடு கட்டும் இணைப்புத் துண்டான லிங்கரும் ஒன்றாகச் சேர்ந்த பொருள். முழுப் பெயர் மாலிமைடோகேப்ரோயில்-வாலின்-சிட்ருலின்-பாரா அமினோபென்சில்-எம்.எம்.ஏ.இ. ஆய்வகப் பேச்சில் வீ.சி.-எம்.எம்.ஏ.இ.; மருந்துப் பெயர்களின் வாலில் வரும்போது வெடோட்டின். இதைப் பல ரசாயன விற்பனையாளர்கள் சில மில்லிகிராம் அளவுக் குப்பிகளில் விற்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் மூலக்கூறு ஒன்றுதான். ஆகவே இது பொருளைப் பற்றிய விமர்சனம், கடையைப் பற்றியதல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இணைக்கும் வேலை இதைவிடச் சுலபமாக வேறு எதிலும் முடியாது. செல்லுக்குள் போனபின் மருந்தை விடுவிக்கும் பொறியும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இது ஆன்டிபாடி என்ற பெரிய நோய் எதிர்ப்புப் புரதத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைச் சின்னஞ்சிறு பெப்டைடுக்குப் போட்டால் எங்கெங்கே தொங்கும் என்று தெரிந்துகொண்டு வாங்குகிறவருக்குப் பயன்படும். தெரியாமல் வாங்கினால் செல் சோதனையில் பிரமாதமான எண்களும் எலியில் குழப்பமும்தான் மிஞ்சும்.

குப்பிக்குள் இருப்பது என்ன

நான்கு துண்டுகள். ஒரு முனையில் மாலிமைடு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் தயோலை (கந்தக-ஹைட்ரஜன் முனை) பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. அடுத்து வாலின்-சிட்ருலின் இரட்டை. செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் இருக்கும் கத்தெப்சின் பி போன்ற நொதிகள் வெட்டும் இடம். வெட்டியதும் பாரா அமினோபென்சில் துண்டு தானாகவே உடைந்து, கார்பன் டை ஆக்சைடை உதிர்த்து, கடைசித் துண்டான எம்.எம்.ஏ.இ.யை எந்த ஒட்டுமிச்சமும் இல்லாமல் விடுவிக்கும். எம்.எம்.ஏ.இ. என்பது கடல் உயிரியில் கண்டெடுத்த டோலாஸ்டாடின் 10-இன் செயற்கை உறவு. டியூபுலின் இழைகள் உருவாவதைத் தடுத்து, செல் பிரிவதை நிறுத்திவிடும்.

மொத்த மூலக்கூறு எடை 1316.6 டால்டன். அதில் எம்.எம்.ஏ.இ. மட்டும் 718. பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற ஆன்டிபாடி மருந்து 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; போலாடுசுமாப், என்ஃபோர்டுமாப் இரண்டும் 2019-இல் வந்தன. மூன்றிலும் இதே மருந்து-லிங்கர்தான். இத்தனை பேர் இத்தனை ஆண்டு அலசிய லிங்கர் வேறு அதிகம் இல்லை. அளக்கும் முறை, உடையும் வழி, பக்கவிளைவு எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு அது பெரிய பலம்.

சட்டை தொங்கும் இடமும் இந்த எண்களிலேயே தெரிகிறது. ஆன்டிபாடி 1,50,000 டால்டன். அதில் நான்கு வெடோட்டின் ஏற்றினாலும் மொத்த எடையில் 4 சதவீதத்தைத் தொடாது. கட்டி ஆய்வில் எல்லோரும் எடுக்கும் வளையப் பெப்டைடு ஆர்.ஜி.டி.எஃப்.சி. (ஆர்ஜினின்-கிளைசின்-ஆஸ்பார்டிக் அமிலம்-டி-ஃபினைல்அலனின்-சிஸ்டீன்) வெறும் 578.6 டால்டன். அதோடு ஒரு வெடோட்டினைச் சேர்த்தால் கிடைக்கும் 1895-இல் சுமார் 70 சதவீதம் மருந்து-லிங்கர்தான். இங்கே பெப்டைடு மருந்தைச் சுமக்கவில்லை. மருந்துதான் பெப்டைடைச் சுமக்கிறது. கரைதிறன், பிளாஸ்மாப் புரதங்களோடு ஒட்டுவது, எச்.பி.எல்.சி. என்ற பிரிப்புக் கருவியில் எப்போது வெளியே வரும் என்பது எல்லாவற்றையும் கொழுப்புநாட்டம் மிகுந்த எம்.எம்.ஏ.இ.யே தீர்மானிக்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

பகுப்பாய்வுச் சான்றிதழில் '95 சதவீதத் தூய்மை' என்று இருந்தால் அத்தோடு நிறுத்தக் கூடாது. மீதி 5 சதவீதம் எது என்பதே கேள்வி. இரண்டு அசுத்தங்களைத் தனியாகக் கேளுங்கள். முதலாவது, மாலிமைடு வளையம் தண்ணீரால் திறந்துபோன வடிவம். இது தயோலைப் பிடிக்காது. அதனால் இணையாமல் தங்கிவிடும், சுத்திகரிப்பில் போய்விடும். நஷ்டம் பணம் மட்டும். இரண்டாவது, விடுபட்ட எம்.எம்.ஏ.இ. இது ஆபத்தானது, ஏன் என்று கீழே வருகிறது. இதன் அளவு எண்ணாக எழுதித் தரப்படாவிட்டால் வேறு விற்பனையாளரைப் பார்ப்பது நல்லது.

குப்பி வந்ததும் மூலக்கூறு எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒற்றைப் புரோட்டான் பீக் 1316.8-இலும் இரட்டைப் புரோட்டான் பீக் 658.9-இலும் வரவேண்டும். வளையம் திறந்த வடிவம் 18 கூடுதலாக 1334.8-இல் வரும். சோடியம் ஒட்டிய நல்ல மூலக்கூறு 1338.8-இல் வரும். நான்கு டால்டன்தான் வித்தியாசம். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டு நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு, கெட்டதை ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. ஐயம் வந்தால் இரட்டைப் புரோட்டான் பீக்கைப் பாருங்கள்: திறந்த வடிவத்துக்கு அது 667.9.

தூளை எடை போடவே கூடாது. 5 மி.கி. குப்பியின் ரப்பர் மூடி வழியாக 380 மைக்ரோலிட்டர் உலர்ந்த டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானை ஊசியால் செலுத்தினால் 10 மில்லிமோலர் கரைசல் தயார். உறைநிலையிலிருந்து எடுத்த குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் படியும் ஈரமே மாலிமைடைக் கெடுக்கப் போதும்.

இணைக்கும் வேலை

இங்கேதான் இந்தப் பொருள் முழு மதிப்பெண் வாங்குகிறது. ஆர்.ஜி.டி.எஃப்.சி.யையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு சிஸ்டீன், வளையமாக இருப்பதால் தனித்த அமினோ முனை கிடையாது. மாலிமைடுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

பெப்டைடையே சற்றுக் கூடுதலாக எடுங்கள், லிங்கருக்கு 1.2 மடங்கு. விலை உயர்ந்ததும் நச்சானதும் லிங்கர்தான். அது முழுதும் செலவாகிவிட வேண்டும். ஆன்டிபாடி வேலையிலிருந்து வருகிறவர்கள் பழக்கத்தில் லிங்கரை அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள். அங்கே மிச்சத்தை வடிகட்டியே பிரித்துவிடலாம், அளவு வித்தியாசம் அப்படி. இங்கே மிச்ச லிங்கரும் விளைபொருளும் எச்.பி.எல்.சி.யில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கணக்கு: 5 மி.கி. லிங்கர் 3.8 மைக்ரோமோல். பெப்டைடு 4.56 மைக்ரோமோல், அதாவது 2.64 மி.கி. ஆனால் குப்பியில் வரும் வெள்ளைத் தூள் முழுதும் பெப்டைடு அல்ல. டிரைஃபுளோரோ அசிட்டிக் அமில உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். நிகரப் பெப்டைடு அளவு 80 சதவீதம் என்றால் 3.3 மி.கி. நிறுக்க வேண்டும். இதை மறந்தால் 1.2 மடங்கு என்று நினைத்தது 1-க்கும் கீழே இறங்கி, லிங்கர் மிஞ்சிவிடும். இந்தப் பெப்டைடில் டிரிப்டோஃபேனும் இல்லை, டைரோசினும் இல்லை. 280 நானோமீட்டரில் அளந்து சரிபார்க்க வழியில்லை. எல்மன் சோதனைதான் கைகொடுக்கும்: 412 நானோமீட்டரில் வரும் மஞ்சள் நிறம் தனித்த தயோலை நேரடியாக எண்ணிச் சொல்லும்.

பஃபர் 50 மில்லிமோலர் பாஸ்பேட், பி.எச். 6.8 முதல் 7.0, உடன் உலோக அயனிகளைப் பிடிக்க 1 மில்லிமோலர் ஈ.டி.டி.ஏ. சேருங்கள். நைட்ரஜனோ ஆர்கானோ 15 நிமிடம் குமிழியிட்டு ஆக்சிஜனை விரட்டுங்கள். பெப்டைடை முதலில் பஃபரில் கரையுங்கள், டி.எம்.எஸ்.ஓ.வில் அல்ல. நீர் கலந்த டி.எம்.எஸ்.ஓ. தயோல்களை மெல்ல ஆக்சிஜனேற்றி இரண்டிரண்டாகச் சேர்த்துவிடும். கரைத்தபின் பி.எச். பாருங்கள், உப்போடு வந்த அமிலம் அதை 5-க்கே இழுத்திருக்கலாம், அப்படியானால் வினை நத்தையாகும். 7.5-க்கு மேலே போனால் மாலிமைடு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும், லைசின் இருந்தால் அதையும் கடிக்கும்.

பிறகு 380 மைக்ரோலிட்டர் லிங்கர் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, கலக்கியபடியே 1.5 மி.லி. பெப்டைடுக் கரைசலில் சேருங்கள். லிங்கர் சுமார் 2 மில்லிமோலர், டி.எம்.எஸ்.ஓ. 20 சதவீதம். பால்போல் கலங்கினால் பதற வேண்டாம், டி.எம்.எஸ்.ஓ.வையோ அசிட்டோநைட்ரிலையோ 40 சதவீதம்வரை கூட்டலாம். ஆன்டிபாடிக்கு இப்படிச் செய்தால் அது சுருண்டு படிந்துவிடும். பெப்டைடுக்கு அந்தக் கவலை இல்லை. அறை வெப்பத்தில் 30 நிமிடத்தில் ஒரு மாதிரி, 60-இல் இன்னொன்று. 60-க்குள் லிங்கர் பீக் மறையாவிட்டால் தயோல் கணக்கில் தவறு. காத்திருந்து பயனில்லை, இன்னும் 0.2 மடங்கு பெப்டைடு சேருங்கள். முடிந்ததும் அசிட்டிக் அமிலத்தால் பி.எச்.சை 4 அல்லது 5-க்கு இறக்கிவிட்டு நேரே சுத்திகரிப்புக்குப் போகலாம். முழு விளைச்சல் என்றால் 7.2 மி.கி.; எச்.பி.எல்.சி.யிலும் குப்பி மாற்றத்திலும் போவது இதிலிருந்துதான்.

பெப்டைடு தான் வளர்ந்த ரெசின் மணிகளில் இருக்கும்போதே இதை மாட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பெப்டைடைப் பிரிக்கும் 95 சதவீத அமிலக் கலவையில் ஈதேன்டைதயோல் போன்ற துணைப்பொருள் இருந்தால் அதுவே மாலிமைடைத் தின்றுவிடும். அதோடு நச்சு மருந்தை அத்தனை படிகள் கொண்டுபோவது தேவையற்ற ஆபத்து.

பீக்குகளைப் படிப்பது

விளைபொருள் 1894.0, இரட்டைப் புரோட்டான் பீக் 948.0. இது சேர்க்கை வினை, எதுவும் உதிராது. முதல் தடவை குரோமடோகிராமைப் பார்க்கும்போது ஒரே எடையில் இரண்டு பீக்குகள் ஒட்டி நிற்பது திகைக்க வைக்கும். கெட்டுப்போகவில்லை. தயோல் மாலிமைடின் எந்தக் கார்பனைப் பிடித்தாலும் அங்கே புதிதாக ஒரு கைரல் மையம் பிறக்கிறது, இரண்டு டயாஸ்டீரியோமர்கள், அதாவது இடவமைப்பில் மட்டும் வேறுபடும் வடிவங்கள். இரண்டையும் சேர்த்தே எடுங்கள். இதை அசுத்தம் என்று நினைத்துப் பாதியை வெட்டி எறிவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு.

தனித்த அமினோ முனையிலேயே சிஸ்டீன் இருக்கும் பெப்டைடில் கதை வேறு. இணைந்தபின் அந்த அமீன் திரும்பி வந்து, தயோலைப் பிடித்தபின் மாலிமைடு ஆகியிருக்கும் சக்சினிமைடு வளையத்தைத் தாக்கி ஆறு உறுப்புத் தயாசின் வளையமாக்கும். எடை மாறாது, பீக் மட்டும் நகரும், பி.எச். கூடக் கூட வேகமாகும். ஒவ்வொரு தொகுதியும் வெவ்வேறு விகிதத்தில் வந்தால் இதுதான் காரணம். பெப்டைடை வடிவமைக்கும்போதே சிஸ்டீனைக் கார்பாக்சில் முனைக்குத் தள்ளுங்கள், அல்லது அமினோ முனையை அசிட்டைல் போட்டு மூடுங்கள்.

இரட்டையாகிப் போன பெப்டைடு ஒன்று ஏமாற்றும். ஆர்.ஜி.டி.எஃப்.சி. ஒற்றை 579.2-இல் வரும், டைசல்ஃபைடு இரட்டையின் இரட்டைப் புரோட்டான் பீக் 578.2-இல் வரும். ஐசோடோப்புகளுக்கு இடையே அரை டால்டன் இடைவெளி தெரிந்தால் அது இரட்டை. அதைப் பிரிக்க டி.சி.இ.பி. என்ற குறைப்பானைப் போடலாம், ஆனால் அளந்து: டைசல்ஃபைடுக்கு ஒரு மடங்கு, அவ்வளவே. டி.சி.இ.பி. மாலிமைடோடு வினைபுரியாது என்ற நம்பிக்கை தவறு, 1566.8-இல் பீக் கண்டால் லிங்கரை டி.சி.இ.பி. விழுங்கியிருக்கிறது. எல்மன் சோதனையையும் அது கெடுக்கும். டி.டி.டி. என்ற தயோல் குறைப்பானைப் போட்டிருந்தால் முழுதும் நீக்காமல் லிங்கரைத் திறக்கவே கூடாது.

ஒரு சதவீதம் என்ன செய்யும்

இந்த விமர்சனத்தில் ஒரு பத்தி மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எம்.எம்.ஏ.இ. செல் சவ்வைத் தானே கடக்கும். நல்ல கூருணர்வுள்ள செல்களை ஒரு நானோமோலரை ஒட்டிய செறிவிலோ அதற்குக் கீழேயோ கொல்லும். உங்கள் கான்ஜுகேட்டில் (பெப்டைடும் மருந்தும் இணைந்த விளைபொருள்) ஒரு சதவீதம் விடுபட்ட எம்.எம்.ஏ.இ. கலந்திருக்கிறது என்று வையுங்கள். செல்களுக்கு 100 நானோமோலர் கான்ஜுகேட் ஊற்றினால் கூடவே 1 நானோமோலர் விடுபட்ட மருந்தும் போகிறது. செல்கள் செத்துவிடும். அழகான வளைகோடு வரும். அந்த வளைகோடு பெப்டைடைப் பற்றி எதுவும் சொல்லாது. பெப்டைடு ஒட்டும் ஏற்பி இருக்கும் செல்லும் இல்லாத செல்லும் ஒரே மாதிரி சாவதைப் பார்த்து, 'இலக்குத் தேர்வு சரியில்லை' என்று பெப்டைடை மாற்றப் போகிறவர்கள், முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு சதவீதத்தை.

ஆகவே தூய்மை 98 சதவீதம் என்பது இங்கே பொருளற்ற எண். விடுபட்ட எம்.எம்.ஏ.இ. 0.1 சதவீதத்துக்குக் கீழே என்று தனியாகக் காட்ட வேண்டும். புற ஊதா ஒளியில் எம்.எம்.ஏ.இ. சரியாகத் தெரியாது, 248 நானோமீட்டரில் பளிச்சென்று தெரிவது பாரா அமினோபென்சில் துண்டுதான், மருந்து பிரிந்தபின் அதில் அந்தத் துண்டு இருக்காது. மாஸ் ஸ்பெக்கில் 718.5 என்ற தாய் அயனியையும் அதிலிருந்து உடையும் 686.5, 152.1 துண்டுகளையும் பின்தொடருங்கள். கான்ஜுகேட்டும் அயனியாகும் இடத்திலேயே உடைந்து 718.5-ஐக் காட்டக்கூடும், அது கான்ஜுகேட்டின் நேரத்திலேயே வரும். தனக்கென்று வேறு நேரத்தில் வருவது மட்டுமே உண்மையில் விடுபட்ட மருந்து.

செல் சோதனையையும் இதற்கேற்ப மாற்றுங்கள். 72 மணி நேரம் ஊற வைத்தால் ஊடகத்திலேயே கொஞ்சம் மருந்து கழன்று எல்லா செல்லுக்கும் பரவும். 1 முதல் 4 மணி நேரம் கொடுத்து, கழுவி, புதிய ஊடகத்தில் 72 மணி வரை விடுங்கள். ஒப்பீட்டுக்கு நான்கு குழாய்கள் கட்டாயம்: விடுபட்ட எம்.எம்.ஏ.இ.; ஆர்.ஜி.டி.க்குப் பதில் ஆர்.ஏ.டி. (கிளைசின் இடத்தில் அலனின்) வைத்த, ஏற்பியில் ஒட்டாத கான்ஜுகேட். நொதி வெட்ட முடியாத டி-வாலின்-டி-சிட்ருலின் வடிவம். வெறும் பெப்டைடை நிறையப் போட்டு ஏற்பியை அடைத்தபின் கான்ஜுகேட். ஆர்.ஏ.டி. வடிவமும் அதே வேகத்தில் கொன்றால் அந்தத் திட்டத்தை அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும்.

பிளாஸ்மாவில் இரண்டு ஓட்டைகள்

முதல் ஓட்டை கொக்கியில். தயோலும் மாலிமைடும் சேர்ந்த பிணைப்பு திரும்பவும் கழலக்கூடியது. ரத்தத்தில் ஆல்புமினின் 34-ஆம் இடத்துச் சிஸ்டீன் காத்திருக்கிறது. கழன்ற மருந்து-லிங்கரை அது பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் வழியே விரைவில் வெளியேறியிருக்க வேண்டிய மருந்து இப்போது ஆல்புமினோடு நாட்கணக்கில் சுற்றும். ஆல்புமின் இயல்பாகவே கட்டிகளில் சேரும். எலியில் கட்டி சுருங்கும், பெப்டைடுக்கு மாலை விழும், உண்மையில் வேலை செய்தது ஆல்புமின். ஆர்.ஏ.டி. ஒப்பீடு இல்லாத எலிச் சோதனையை நம்பாதீர்கள் என்பதற்கு இதுவும் காரணம்.

வளையத்தை நீரால் திறந்துவிட்டால் பிணைப்பு பூட்டிக்கொள்ளும், எடை 18 கூடும். ஆனால் கேப்ரோயில் மாலிமைடு சோம்பேறி. காரத்தில் நெடுநேரம் வைக்க வேண்டும். ஆர்.ஜி.டி. போன்ற ஆஸ்பார்டிக் அமிலப் பெப்டைடுக்கு அது ஆகாது: ஐசோ-ஆஸ்பார்டேட்டாக மாறும், எடையில் தெரியாது, ஏற்பியில் ஒட்டுவது மட்டும் குறையும். பக்கத்தில் ஒரு அமீனை வைத்து வளையத்தைத் தானாகத் திறக்கச் செய்யும் மாலிமைடு வகை 2014-லேயே வெளியானது. அந்த வகை லிங்கர் கிடைத்தால் அதை எடுங்கள்.

இரண்டாவது ஓட்டை வாலின்-சிட்ருலினில், அதுவும் எலிக்கு மட்டும் பெரியது. எலி பிளாஸ்மாவில் உள்ள கார்பாக்சிலெஸ்டரேஸ் 1சி என்ற நொதி இந்த இரட்டையை வெட்டிவிடும். மனித பிளாஸ்மாவிலும் குரங்குப் பிளாஸ்மாவிலும் அது நடப்பதில்லை. எலியில் கிடைக்கும் நச்சுத்தன்மை எண் மனிதரைப் பற்றி உண்மையைவிட மோசமாகவும், செயல்திறன் எண் குழப்பமாகவும் இருக்கும். ஆன்டிபாடியில் இது ஓரளவு மறையும், லிங்கர் புரத மடிப்புக்குள் ஒதுங்க இடமிருந்தால். சிறு பெப்டைடில் ஒதுங்க இடமே இல்லை. வாலினுக்கு முன்னால் ஒரு குளுட்டாமிக் அமிலத்தைச் சேர்த்த குளு-வால்-சிட் வடிவம் எலி பிளாஸ்மாவில் தாக்குப்பிடிக்கிறது என்று 2018-இல் காட்டப்பட்டது. அதில் கூடுதல் நன்மை, எதிர் மின்சுமை ஒன்று சேர்ந்து கரைதிறனும் சற்று ஏறும். எலிச் சோதனை திட்டத்தில் இருந்தால் சாதாரண வெடோட்டினை வாங்குவதில் அர்த்தமில்லை.

எதுவாயினும் விலங்குக்குப் போகுமுன் 37 டிகிரியில் மனித, எலி பிளாஸ்மா இரண்டிலும் 0, 1, 4, 24 மணியில் மாதிரி எடுங்கள். விடுவிப்பைப் பார்க்க கத்தெப்சின் பி வாங்கி, 30 மில்லிமோலர் டி.டி.டி., 15 மில்லிமோலர் ஈ.டி.டி.ஏ. கலவையில் 15 நிமிடம் எழுப்பிவிட்டு, பி.எச். 5 அசிட்டேட் பஃபரில் ஓட்டுங்கள். எழுப்பாமல் போட்டுவிட்டு 'லிங்கர் வெட்டுப்படவில்லை' என்பவர்களின் குறையில் பெரும்பங்கு இதுதான்.

எந்தப் பெப்டைடுக்கு ஆகாது

டைசல்ஃபைடு வளையத்தால் உருவம் பெறும் பெப்டைடுக்கு ஆகாது. ஆக்ட்ரியோடைடு என்ற ஹார்மோன் போலிப் பெப்டைடு நல்ல உதாரணம்: அதன் இரண்டு சிஸ்டீன்களும் வளையத்தைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. மூன்றாவது சிஸ்டீனைச் சேர்த்தால் டைசல்ஃபைடுகள் இடம் மாறும். குறைப்பானைப் போட்டால் வளையமே திறக்கும். அமீன் வழியாகப் போகலாம் என்றால் லைசின் ஏற்பியைத் தொடும் மையத்திலேயே இருக்கிறது. அதை மூடிவைத்து அமினோ முனையில்தான் இணைக்க வேண்டும். 2018 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லுடேசியம் 177 டோடாடேட் என்ற இதே குடும்பக் கதிரியக்க மருந்திலும் உலோகத்தைப் பிடிக்கும் டோட்டா கூண்டு அமினோ முனையில்தான் இருக்கிறது. இத்தகைய பெப்டைடுகளுக்கு டி.பி.சி.ஓ.-அசைடு முறையில் (தயோல் தேவைப்படாத கிளிக் வினை) இணையும் வால்-சிட்-எம்.எம்.ஏ.இ. தனியே விற்கிறார்கள். கொக்கி கழலும் பிரச்சினையும் அதில் இல்லை; ஆனால் டி.பி.சி.ஓ. தானே எண்ணெய்த்தன்மை மிகுந்தது, நடுவில் நீரை விரும்பும் பெக் சங்கிலி உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

செல்லுக்குள் இழுக்கப்படாத ஏற்பிக்கும் இது சரியான தேர்வல்ல. கத்தெப்சின் பி இருப்பது லைசோசோமில். ஒட்டிக்கொண்டு வெளியே நிற்கும் பெப்டைடுக்கு வெட்டும் நொதி வந்து சேராது, கட்டியைச் சுற்றிக் கசிந்திருக்கும் கொஞ்சத்தைத் தவிர.

வளையத்துக்கும் மருந்துக்கும் இடையே தூரம் வேண்டும். ஆர்.ஜி.டி.எஃப்.சி.யில் நேரே மாட்டினால் கான்ஜுகேட் தண்ணீரில் கொத்தாகும். சிஸ்டீனுக்கு முன் பெக் 4 முதல் 8 அலகு வரை, அல்லது சில ஆஸ்பார்டிக், குளுட்டாமிக் அமிலங்கள் வைத்த பெப்டைடைச் செய்யச் சொல்லுங்கள். கட்டிச் செல்களில் காணப்படும் நெக்டின்-4 என்ற புரதத்தைத் தேடும் பி.டி.8009 என்ற இருவளையப் பெப்டைடு கான்ஜுகேட்டில் சார்கோசின் சங்கிலியை இடையில் வைத்திருக்கிறார்கள், மருந்து அங்கேயும் எம்.எம்.ஏ.இ.தான். லைசின், ஆர்ஜினினை அடுக்கிக் கரைதிறன் ஏற்ற வேண்டாம். நேர் மின்சுமைப் பெப்டைடுகளைச் சிறுநீரகக் குழாய்கள் பிடித்து வைத்துக்கொள்ளும், எம்.எம்.ஏ.இ. அங்கேயே அவிழும்.

பக்கத்துச் செல்களையும் கொல்லும் குணம் வேண்டாம் என்பவர்கள் எம்.எம்.ஏ.இ.யின் உறவான எம்.எம்.ஏ.எஃப். எடுக்கலாம். அதன் கார்பாக்சில் மின்சுமை சவ்வைக் கடக்க விடாது. விடுபட்ட மருந்தின் தொல்லையும் பெருமளவு குறையும். ஆனால் ஏற்பி வழியாக உள்ளே போகும் அளவு போதாவிட்டால் விளைவு எதுவும் தெரியாது. டாக்சோரூபிசினோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. சிவப்பு நிறமும் ஒளிர்வும் இருப்பதால் செல்லுக்குள் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், முதல் பயிற்சிக்கு நல்லது. வீரியம் பல மடங்கு குறைவு.

கையாளுதல், எவ்வளவு வாங்குவது

தூளாக இருக்கும்போது இது மிக ஆபத்தான பொருள். மூடிய கூண்டுக்குள் மட்டுமே திறக்கவும். இரண்டு அடுக்கு நைட்ரில் கையுறை, வெளியுறை நனைந்த உடனே மாற்றவும். டி.எம்.எஸ்.ஓ. தோலைக் கடந்து உள்ளே போகும், தன்னில் கரைந்ததையும் கொண்டுபோகும். ஆகவே கரைத்தபின் ஆபத்து குறைந்தது என்று எண்ண வேண்டாம். நுனிகள், குப்பிகள், எச்.பி.எல்.சி. கழிவு எல்லாம் செல்நச்சுக் கழிவாக எரிப்புக்குப் போகவேண்டும். எச்.பி.எல்.சி. பிரிப்புக் குழாய்க்குள் ஒட்டியிருக்கும் மிச்சம் அடுத்த ஆளின் மாதிரியில் போகாதிருக்க, இந்த வேலைக்கென்றே ஒரு பிரிப்புக் குழாயை ஒதுக்கிவிடுவது நல்லது.

டி.எம்.எஸ்.ஓ. கரைசலை 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 அல்லது மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு பங்கை ஒரே முறை உருக்குங்கள், மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். கான்ஜுகேட்டைக் கரைசலாக வைக்காமல் உறையுலர்த்தித் தூளாகவே வையுங்கள். உறையுலர்த்துமுன் டிரைஃபுளோரோ அசிட்டிக் அமிலம் மிஞ்சாமல் பாருங்கள். ஒரு பெப்டைடையும் அதன் ஒப்பீட்டு வடிவத்தையும் செல் சோதனைவரை கொண்டுபோக 5 மி.கி. தாராளம், பாதியைப் பெப்டைடுக்கும் பாதியை ஆர்.ஏ.டி. வடிவத்துக்கும் ஒரே நாளில், ஒரே குப்பியிலிருந்து எடுத்து இணைத்தால் இரண்டிலும் அசுத்தம் ஒரே அளவில் இருக்கும், ஒப்பீடும் நேர்மையாக இருக்கும். எலிக்குப் போகும் அளவை, குளு-வால்-சிட் வடிவத்தின் பிளாஸ்மா எண்கள் கைக்கு வந்தபின் வாங்கினால் போதும்.